ஸ்பான்சர் இருந்தும் வேலை விசா மறுக்கப்பட்டால்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது, வெளிநாட்டுக் கம்பெனி ஸ்பான்சரும் செய்துவிட்டது, ஆனாலும் விசா மறுக்கப்பட்டுவிட்டது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதிய பக்கம் இது. எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை செய்பவர்களும், ஓசூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பிரிவில் பல வருடமாக வேலை பார்ப்பவன். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டு அரசின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கடிதத்தை நிதானமாக, கடைசிப் பக்கம் வரை படியுங்கள். பலர் "மறுக்கப்பட்டது" என்ற வரியோடு நிறுத்திவிட்டு ஏஜென்டுக்கு போன் போட்டுவிடுகிறார்கள். மேல்முறையீடு உண்டா, எத்தனை நாளுக்குள், எங்கே என்பதெல்லாம் பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் இருக்கும்.

படிக்கும்போது ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துப் பாருங்கள். மறுக்கப்பட்டது கம்பெனி போட்ட மனுவா, நீங்கள் போட்ட விசா விண்ணப்பமா? வேலை விசாவில் இரண்டு கதவுகள் உண்டு. கம்பெனி "இந்த ஆள் எங்களுக்கு வேண்டும்" என்று அனுமதி வாங்குவது ஒன்று. அந்த அனுமதியை வைத்து நீங்கள் விசா கேட்பது இன்னொன்று. எந்தக் கதவு மூடியது என்று தெரியாமல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

அப்புறம், முடிவு எந்தத் தேதியில் உங்களுக்கு வந்து சேர்ந்தது என்று குறித்துவையுங்கள். மின்னஞ்சலை அழிக்க வேண்டாம். கூரியரில் வந்திருந்தால் உறையையும் வைத்திருங்கள். கெடு அந்தத் தேதியிலிருந்து எண்ணப்படலாம்.

அப்பீல் போடும் உரிமை எனக்கா, கம்பெனிக்கா?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் எச்-1பி (சிறப்புத் தகுதி வேலைக்கான விசா), எல்-1 (ஒரே கம்பெனிக்குள் இடமாற்ற விசா) மனு நிராகரிக்கப்பட்டால் கம்பெனிதான் மேலே போக முடியும், பொதுவாக உங்களால் முடியாது. சிங்கப்பூரின் எம்ப்ளாய்மென்ட் பாஸிலும் அப்படியே. ஆஸ்திரேலியாவில் கம்பெனி வேலைக்கு ஆளை முன்மொழியும் நாமினேஷன் என்ற கட்டம் மறுக்கப்பட்டால் கம்பெனிதான் தீர்ப்பாயத்துக்குப் போகும். பிரிட்டன், ஜெர்மனி, கனடாவில் விசா விண்ணப்பதாரரான நீங்களே கேட்கலாம்.

இதைச் சொன்னதும் "எச்.ஆர். பதிலே சொல்ல மாட்டேன் என்கிறார்" என்பதுதான் அடுத்த வரியாக வருகிறது. கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது போனில் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். கடிதத்தின் நகல், கெடு முடியும் தேதி, நீங்கள் எதிர்பார்க்கும் நடவடிக்கை, இந்த மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி எச்.ஆருக்கும், உங்களை எடுத்த மேனேஜருக்கும், கம்பெனியின் குடியேற்ற வக்கீலுக்கும் சேர்த்து அனுப்புங்கள். ஆள் தேவைப்படும் மேனேஜர் உள்ளே இருந்து தள்ளினால்தான் பல கோப்புகள் நகர்கின்றன.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு விசா ஸ்டாம்பிங் போனேன். 221(ஜி) என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். ரிஜெக்ட் ஆகிவிட்டதா?

221(ஜி) என்பது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவு. சட்டத்தின் கண்ணில் அது மறுப்புதான். தளத்தில் நிலவரம் பார்த்தாலும் மறுக்கப்பட்டது என்றே காட்டும். அதைப் பார்த்து மனம் உடைந்து போனவர்கள் நிறையப் பேர். ஆனால் நடைமுறையில் இதற்குப் பொருள், "இன்னும் தகவல் வேண்டும்" அல்லது "உள்ளே சரிபார்க்க வேண்டும்" என்பதுதான். பலருக்கு இதற்குப் பிறகு விசா கிடைத்திருக்கிறது.

சீட்டில் ஆவணம் கேட்டிருந்தால், கேட்டதை மட்டும், கேட்ட வழியில் கொடுங்கள். மறுப்புத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டாம், மறுபடி கட்டணமும் இல்லை. அந்த ஒரு வருடத்தைத் தாண்டினால் எல்லாம் முதலிலிருந்து. இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெங்களூரில் 2025 ஜனவரியில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டபோது விசா சேவை அதோடு வரவில்லை. நம்மவர்கள் பழையபடி ரயில் ஏறி சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

கேட்பது பெரும்பாலும் கிளையன்ட் லெட்டர், வேலை விவரம், கம்பெனியின் வரி ஆவணங்கள் மாதிரியானவை. கன்சல்டன்சி வழியாக வேறொரு கம்பெனியில் உட்கார்ந்து வேலை செய்யப்போகிறவர்களிடம்தான் இவை அதிகம் கேட்கப்படுகின்றன. நீங்கள் யாருக்கு வேலை செய்வீர்கள், யார் மேற்பார்வை, எந்த ஊர், எத்தனை காலம் என்பது அந்தக் கடிதத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். இன்னொன்று, 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 (எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான விசா) விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளும் பார்க்கப்படுகின்றன. டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் ஒரு பதவியும் லிங்க்ட்இன்னில் இன்னொரு பதவியும் இருந்தால் கேள்வி வரும். முன்கூட்டியே ஒத்துப்பார்த்துவிடுங்கள்.

உள்சரிபார்ப்பு என்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வழி குறைவு. வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவதால் வேகம் கூடாது.

மனு அமெரிக்காவில் அப்ரூவ் ஆனது. தூதரகத்தில் மறுத்துவிட்டார்கள். எங்கே அப்பீல்?

நேர்மையாகச் சொல்கிறேன், தூதரக அதிகாரியின் விசா முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. அமெரிக்க நீதிமன்றங்களும் அந்த முடிவுகளில் கைவைக்கத் தயங்குகின்றன. 2024-ல் முன்யோஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதை மறுபடி உறுதி செய்தது. "தூதரகத்தில் ஆள் இருக்கிறது, மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

செய்யக்கூடியது மறு விண்ணப்பம். எச்-1பி-க்கும் எல்-1-க்கும் "திரும்பி வரமாட்டார்" என்ற சந்தேகம் மட்டும் தடையாக இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே மறுப்பு வந்தால் பெரும்பாலும் வேலையைப் பற்றியோ உங்கள் தகுதியைப் பற்றியோ சந்தேகம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அதைச் சரிசெய்யுங்கள். சில சமயம் தூதரகம் மனுவையே திருப்பி அனுப்பிவிடும். அப்போது அனுமதியை ரத்து செய்யப்போவதாகக் கம்பெனிக்கு நோட்டீஸ் வரலாம். அதற்குக் கம்பெனி பதில் போடாமல் விட்டால் அந்த மனுவின் கதை முடிந்தது.

பிளாங்கெட் எல்-1-ல் (கம்பெனி மொத்தமாக வாங்கிவைத்த அனுமதியை வைத்து விசா கேட்பது) மறுத்திருந்தால் நிலைமை கொஞ்சம் நல்லது. கம்பெனி உங்கள் பெயரில் தனி மனுவை நேரடியாக யு.எஸ்.சி.ஐ.எஸ். என்ற அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்தில் போடலாம்.

மனுவையே யு.எஸ்.சி.ஐ.எஸ். நிராகரித்துவிட்டது. கம்பெனி அப்பீல் போகட்டுமா, புது மனு போடட்டுமா?

முடிவு எடுத்த நாளிலிருந்து 30 நாள், தபாலில் அனுப்பியிருந்தால் 33 நாள். அதற்குள் ஐ-290பி படிவத்தைக் கம்பெனி போட வேண்டும். கட்டணம் 800 டாலர். இதில் மூன்று வழி உண்டு. புதிய ஆதாரம் இருந்தால் வழக்கை மறுபடி திறக்கக் கேட்பது, சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார்கள் என்றால் மறுபரிசீலனை கேட்பது, மேல்முறையீட்டு அலுவலகத்துக்கே போவது. கடைசி வழியில் மறுத்த அலுவலகமே முதலில் ஒருமுறை பார்க்கும், அதற்குப் பிறகுதான் மேலே போகும். மேலே 180 நாளுக்குள் முடிப்பதை இலக்காக வைத்திருக்கிறார்கள்.

புது மனு போடலாமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எச்-1பி லாட்டரியில், அதாவது குலுக்கலில், கிடைத்த இடம் என்றால் அது அவ்வளவு எளிதில்லை. வருடத்துக்கு 85,000 இடம்தான், மனு போடும் காலம் முடிந்துவிட்டால் அடுத்த லாட்டரிக்குத்தான் போக வேண்டும். கூடவே, 2025 செப்டம்பரில் அதிபர் பிறப்பித்த ஆணை, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் புதிதாகப் போடும் எச்-1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் வைத்தது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், முன்பெல்லாம் பெரிதாக மதிக்கப்படாத ஐ-290பி இப்போது கம்பெனிகளுக்குக் கவனமாக யோசிக்க வேண்டிய வழியாகிவிட்டது. கெடு போனால் அதுவும் போய்விடும்.

பிரிட்டன் ஸ்கில்டு ஒர்க்கர் விசா மறுக்கப்பட்டது. என்ன வழி?

இங்கே இருப்பது நிர்வாக மறுஆய்வு. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்திருந்தால் முடிவு கிடைத்த 28 நாளுக்குள், 80 பவுண்டு கட்டி, இணையத்தில் கேட்க வேண்டும். பிரிட்டனுக்குள்ளிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு 14 நாள்தான்.

இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மறுஆய்வு பார்ப்பது ஒன்றைத்தான்: உங்கள் கோப்பைப் பார்த்த அதிகாரி, அன்று அவர் கையில் இருந்த காகிதங்களை வைத்துத் தவறு செய்தாரா? நீங்கள் விட்டுப்போன ஆவணத்தை இப்போது சேர்க்க இது இடமில்லை. போலி ஆவணம், பொய்த் தகவல் என்று குற்றம் சாட்டியிருந்தால் அதை மறுக்கப் புது ஆதாரம் வைக்கலாம் என்பது மாதிரி சில விதிவிலக்குகளே உண்டு.

எல்லோரும் மாட்டும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். கையிருப்புப் பணம் 1,270 பவுண்டு, தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், அந்த 28-வது நாள் விண்ணப்பித்த தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் வீட்டு அட்வான்ஸ் கொடுக்க எடுத்து, இருப்பு அதற்குக் கீழே போய், மறுநாள் போட்டிருந்தாலும் விதிப்படி மறுப்பு சரிதான், மறுஆய்வில் அது மாறாது. அதே சமயம், உங்கள் ஸ்பான்சர் 'ஏ' தரத்தில் இருந்து, முதல் மாதச் செலவைத் தானே ஏற்பதாக ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் குறித்திருந்தும் அதிகாரி அதைக் கவனிக்காமல் பணம் போதவில்லை என்று மறுத்திருந்தால், அது அதிகாரியின் தவறு. மறுஆய்வு அதற்காகத்தான் இருக்கிறது. தயங்காமல் போடுங்கள்.

மறுஆய்வு நடக்கும்போது புது விசா விண்ணப்பம் போட்டால் மறுஆய்வு ரத்தாகிவிடும். இரண்டு தோணியில் கால் வைக்க முடியாது. புது விண்ணப்பத்துக்குப் புதிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழும் வேண்டும், பழையது பயன்படுத்தியதாகக் கணக்காகிவிடும். கம்பெனி தயங்கினால், விசா மறுக்கப்பட்டால் அவர்கள் கட்டிய திறன் வரி முழுதாகத் திரும்ப வரும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். உங்களுக்கும் சுகாதாரக் கட்டணம் திரும்ப வரும். விசா கட்டணம் வராது.

புதிதாகப் போடும் முன் விதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்டு. வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர் எடுப்பது அன்றோடு நின்றுவிட்டது. ஆங்கிலத் தகுதி 2026 ஜனவரி 8 முதல் பி2 நிலை (முன்பு பி1). பழைய பி1 சான்றிதழை வைத்துக்கொண்டு மறுபடி விண்ணப்பித்து மறுபடி மறுப்பு வாங்க வேண்டாம்.

ஜெர்மனிக்கு ஆட்சேபக் கடிதம் போடலாம் என்கிறார்களே?

அது பழைய கதை. ரிமான்ஸ்ட்ரேஷன் என்ற அந்த வழியை 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் நிறுத்திவிட்டார்கள். இப்போது இரண்டுதான் உண்டு. ஒன்று, பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் வழக்கு. முதல் கட்டத்தில் வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் எல்லாம் ஜெர்மன் மொழியில் நடக்கும். இரண்டு, குறையைச் சரிசெய்து புது விண்ணப்பம். இதற்குக் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை.

பெரும்பாலோருக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. ப்ளூ கார்டு (உயர் தகுதியுள்ளவர்களுக்கான வேலை அனுமதி) மறுப்பில் சம்பளமும் பட்டமும்தான் முக்கியக் காரணங்கள். 2026-க்கான வரம்பு வருடத்துக்கு 50,700 யூரோ, ஐ.டி. போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கு 45,934.20 யூரோ. 2025-ல் ஐ.டி. வேலைக்கு 44,000 யூரோவுக்குக் கையெழுத்தான ஒப்பந்தம் அப்போது போதுமானதாக இருந்தது, 2026-ல் போதாது. கம்பெனியிடம் பேசிச் சம்பளத்தைத் திருத்தினால் தீரும் விஷயத்துக்கு வழக்கு எதற்கு?

பட்டத்தில், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஜெர்மனியின் அனாபின் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ தனியார் பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரிப் பெயரைத் தேடிவிட்டு இல்லையே என்று பயப்படுகிறார்கள். பட்டம் கொடுத்தது அண்ணா பல்கலைக்கழகம் என்றால் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். ஐ.டி. ஆட்களுக்குப் பட்டம் இல்லாமலும், கடந்த 7 வருடத்தில் 3 வருட அனுபவத்தை வைத்து ப்ளூ கார்டு கேட்க வழி உண்டு.

கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர்?

கனடா ஒர்க் பெர்மிட் மறுப்புக்கு ஃபெடரல் கோர்ட்டில் நீதிமன்ற மறுஆய்வு கேட்கலாம். கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவு என்றால் 60 நாள். முதலில் அனுமதி கிடைக்க வேண்டும், பிறகுதான் விசாரணை. ஜெயித்தாலும் பெர்மிட் கையில் வராது, வேறு அதிகாரி மறுபடி பார்ப்பார், அவ்வளவுதான். 2025 ஜூலை இறுதியிலிருந்து அதிகாரியின் குறிப்புகளைப் பல மறுப்புக் கடிதங்களோடு சேர்த்தே அனுப்புகிறார்கள். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆஸ்திரேலியாவின் நாமினேஷன் மறுப்பு 2024 அக்டோபர் 14 முதல் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. சிங்கப்பூரில் நிராகரிக்கப்பட்ட 3 மாதத்துக்குள் கம்பெனி இணையத்தில் அப்பீல் செய்யலாம். காம்பஸ் என்ற தகுதி மதிப்பெண் 40-ஐத் தொடாதவர்களுக்குப் பழைய ஆவணத்தையே திரும்ப அனுப்பினால் பலன் இல்லை. சம்பளமோ தகுதிச் சான்றோ மாறியிருக்க வேண்டும்.

சரி, மேல்முறையீடா புது விண்ணப்பமா? பொதுவாக எதைச் சொல்வீர்கள்?

மறுப்புக் காரணத்தைப் படித்துவிட்டு உங்களையே கேளுங்கள்: அன்று அவர்கள் கையில் இருந்த காகிதத்தை வைத்துப் பார்த்தால் இது நியாயமா? நியாயம்தான் என்றால் குறையைச் சரிசெய்து புது விண்ணப்பம். அநியாயம் என்று பக்க எண்ணோடு காட்ட முடியும் என்றால் மேல்முறையீடு. ஏமாற்ற முயன்றதாக எழுதியிருந்தால் மட்டும் கணக்கு வேறு. அதைச் சும்மா விட்டுவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கக் கூடாது. அந்தப் பழி உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு செலவானாலும் நல்ல வக்கீலை வைத்து அதை எதிர்த்தே ஆக வேண்டும்.

மறுஆய்வுக் கடிதத்தை எப்படி எழுதுவது?

சுருக்கமாக. மறுப்புக் கடிதத்தின் வரியை அப்படியே எடுத்துப் போடுங்கள். அதன் கீழே எந்த ஆவணம், எந்தப் பக்கம், எந்த வரி அதற்குப் பதில் என்று எழுதுங்கள். அதன் கீழே விதியின் எண். அடுத்த காரணத்துக்குப் போங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கடன் வாங்கியிருக்கிறேன் என்பவை உண்மையான துயரங்கள்தான். ஆனால் அந்த மேசையில் அவற்றுக்கு இடமில்லை, உங்கள் வலுவான வாதத்தை அவை மறைத்துவிடும்.

பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி பெயர் இருக்கிறது. இது பிரச்சினையா?

நம் இனிஷியல் வழக்கத்தை வெளிநாட்டு அதிகாரி அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மார்க் ஷீட்டில் "செ. முத்துக்குமார்", பாஸ்போர்ட்டில் "முத்துக்குமார் செல்வராஜ்", பழைய கம்பெனிக் கடிதத்தில் "முத்துக்குமார் எஸ்" என்றிருந்தால் அவர் பார்வையில் மூன்று ஆட்கள். முத்திரைத்தாளில் மூன்று பெயரும் ஒருவரே என்று உறுதிமொழி எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி, முதல் விண்ணப்பத்திலேயே வையுங்கள். செ. என்பது அப்பா பெயரின் முதலெழுத்து என்று ஒரு வரி விளக்கமும் அதில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் ஆஃபர் லெட்டர் முதல் விசா படிவம் வரை ஒரே மாதிரி எழுதச் சொல்லிக் கம்பெனியிடம் முன்பே பேசிவிடுங்கள்.

பழைய கம்பெனி மூடிவிட்டது. அனுபவச் சான்று எங்கே வாங்குவது?

பி.எஃப். பாஸ்புக், ஃபார்ம் 16, சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, நியமனக் கடிதம், இவற்றோடு அன்றைய மேனேஜர் கையெழுத்திட்ட உறுதிமொழி. மூன்றாம் தரப்பு ஆவணங்கள் என்பதால் பி.எஃப். பதிவுக்கும் வரிப் பதிவுக்கும் நல்ல மதிப்பு உண்டு.

கன்சல்டன்சிக்காரர் இரண்டு வருட அனுபவம் கூட்டிப் போட்டுத் தருகிறேன் என்கிறார். எல்லோரும் செய்கிறார்களாமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். சாதாரண மறுப்பு ஒரு தடங்கல், அதிலிருந்து மீளலாம். பொய் பிடிபட்டால் அமெரிக்காவில் ஆயுள் முழுதும் தடை, விலக்கு கேட்டால்தான் உண்டு. பிரிட்டனில் 10 வருடம், கனடாவில் 5 வருடம், ஆஸ்திரேலியாவில் 3 வருடம். கடிதம் தயாரித்துக் கொடுத்தவர் பெயர் எங்கேயும் வராது. கையெழுத்து உங்களுடையது, தடையும் உங்களுக்குத்தான். ஊரில் நிலத்தை அடகு வைத்துப் படிக்கவைத்த பிள்ளைகள் இப்படிச் சிக்குவதைப் பார்க்கும்போது ஆத்திரமாக வருகிறது.

அப்பீல் நிச்சயம் ஜெயிக்கும் என்று ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

நிச்சயம் என்று சொன்னதே போதும், எழுந்து வந்துவிடுங்கள். நல்ல வக்கீல் முதலில் மறுப்புக் கடிதத்தைக் கேட்பார், பிறகுதான் கட்டணம் பேசுவார். ஆலோசகரின் உரிமத்தை அந்த நாட்டுப் பதிவேட்டில் நீங்களே தேடலாம். பிரிட்டனுக்கு குடியேற்ற ஆலோசனை ஆணையம், கனடாவுக்கு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பு, ஆஸ்திரேலியாவுக்கு மாரா என்ற குடியேற்ற முகவர் பதிவு அமைப்பு, அமெரிக்காவுக்கு மாநில வக்கீல் சங்கம்.

மறுக்கப்பட்டதை அடுத்த விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா?

கேள்வி கேட்டிருந்தால் ஆமாம், வேறு நாடாக இருந்தாலும். 221(ஜி) வந்து பிறகு விசா கிடைத்தவர்களும் அமெரிக்கப் படிவத்தில் ஆமாம் என்று போட்டு ஒரு வரியில் விளக்க வேண்டும்.

ஏற்கெனவே ராஜினாமா கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருந்தால் இன்றே மேனேஜரிடம் பேசுங்கள். ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதை ஏற்பது கம்பெனியின் விருப்பம்தான், ஆனாலும் உங்கள் இடத்துக்கு ஆள் வராத வரை பலர் ஒப்புக்கொள்கிறார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு கடைசி வாரம் வரை இருக்காதீர்கள். ராஜினாமாவை முழுதாகத் திரும்பப் பெற முடியாவிட்டால் கடைசி நாளைத் தள்ளிவைக்கவாவது கேளுங்கள். பதில் மின்னஞ்சலில் வரட்டும்.

வெளிநாட்டுக் கம்பெனியிடம் சேரும் தேதியை மாற்றிப் புது ஆஃபர் லெட்டர் கேளுங்கள். அவர்களுக்கு பெங்களூரிலேயே அலுவலகம் இருந்தால், விசா வரும் வரை இங்கே அதே டீமில் சேர முடியுமா என்றும் கேட்டுப்பாருங்கள். பிள்ளைகளின் பள்ளியில் டி.சி. இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்க வேண்டாம். குடும்பத்தினரின் விசா உங்கள் விசாவைச் சார்ந்தது, அவர்களுக்குத் தனியாக அப்பீல் போட்டுப் பயன் இல்லை. வாடகை வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லியிருந்தால் இன்றே போன் செய்து இப்போது காலி செய்யவில்லை என்று சொல்லிவிடுங்கள், அட்வான்ஸ் திரும்பக் கைக்கு வருவதற்கு முன்.